ஒன்ஸ் மோர் வாங்கிய குறிப்பு

மழை பெய்தால் அந்தக் காட்டுப் பள்ளம் குளமாகிவிடும். தண்ணீரை வடிக்கப் புது யோசனை தேடி, பள்ளத்திலேயே மாநாடு போட்டார்கள். பேசுகிறவர்கள் தங்களைப் பற்றிய குறிப்பை முன்னாலேயே எழுதித் தரவேண்டும். பெருச்சாளி தந்தது ஒரே வரி: "வளை தோண்டுவேன்."

"இன்னும் ஏதாவது சேருங்கம்மா. மேடையில வாசிக்க எனக்கே கூச்சமா இருக்கு," என்றது தொகுப்பாளர் கிளி.

"வேற ஒண்ணும் செஞ்சதில்லையே தம்பி," என்று பெருச்சாளி மண் ஒட்டிய முன்னங்கால்களை மறைத்துக்கொண்டது. அதைக் கடைசிப் பேச்சாளராகப் போட்டார்கள்.

முதலில் நாரை. மூன்று ஏரிகளுக்கு ஆலோசகர், ஏழு குழுக்களில் உறுப்பினர் என்று கிளி நாலாம் பக்கத்துக்கு வருவதற்குள் மழை கொட்டித் தீர்த்தது. முயல்களுக்குக் கழுத்தளவு தண்ணீர். ஆனாலும் குறிப்பைப் பாதியில் நிறுத்துவது பேச்சாளருக்கு அவமரியாதையாயிற்றே! கிளி வாசித்துக்கொண்டே இருந்தது.

பெருச்சாளிக்குப் பொறுக்கவில்லை. கரையின் அடியில் மூக்கை நுழைத்துத் தோண்ட ஆரம்பித்தது. நாரை வாங்கிய விருதுகளைக் கிளி தொட்டபோது கரையின் மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. தேங்கிய தண்ணீரெல்லாம் மடமடவென்று அந்த வழியே ஓடிப்போனது.

நாரை இறங்கி வந்து, மிச்சப் பக்கங்களைக் கிளியிடமிருந்து வாங்கி மடித்துக்கொண்டது. "முதல்ல அந்தம்மாவோடதை வாசிங்க."

கிளி தொண்டையைச் செருமியது. "இவர் வளை தோண்டுவார்."

காடே அதிரக் கைதட்டல். பெருச்சாளி இந்த முறை கால்களை மறைக்கவில்லை.

"ஒன்ஸ் மோர்!" என்று கத்தின, நனைந்த முயல்கள்.