கொடி நட்ட வீடு

விடிந்து பார்த்தால் புது வீட்டு வாசலில் கொடி!

மூங்கில் கம்பு, முனையில் ஒரு துணி. கரமனை ஆற்றோரச் சந்தில் ஷிஜு காண்டிராக்டர் கட்டி விற்பனைக்கு வைத்திருந்த வீடு அது. பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை, அதற்குள் அரசியல் குடிவந்துவிட்டது.

"இதென்ன அநியாயம்! ஒருத்தன் கைக்காசு போட்டு வீடு கட்டுவான், இவனுவ வந்து கொடி நடுவானுவளா?" என்று கொதித்தார் தாணுமாலையன்.

தம்பானூரில் இட்டலிக் கடை வைத்திருக்கிறவர். அந்த வீட்டை வாங்கத்தான் மனைவி இசக்கிசெல்வியோடு ஒரு வருஷமாக நடையாய் நடக்கிறார்.

ஷிஜுவும் லேசுப்பட்ட ஆள் இல்லை. இருபத்தெட்டு லட்சம் என்று கைகொடுத்தவர், போன மாதம் முப்பத்துநாலு என்றார். கேட்டால், சந்து முனையைக் காட்டினார். அங்கே வார்டு கவுன்சிலர் அபிலாஷ் கைகூப்பிச் சிரிக்கும் ஃபிளக்ஸ். 'இதோ வருகிறது புதுப் பாலம்!'

பேங்க் லோன், செல்வியின் நகை எல்லாம் சேர்த்தாலும் இருபத்தெட்டுக்கு மேல் புரளாது. இருக்கிற வாடகை வீட்டையோ காலி பண்ணச் சொல்லியாயிற்று. அன்றைக்குச் செல்வி அழுத அழுகை கொஞ்சமா நஞ்சமா!

அப்படி ஆறு லட்சம் ஏற்றினவருக்காகத்தான் தாணுமாலையன் இப்போது வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நான் புடுங்கி எறியுதேன்!"

"சும்மா கெடங்க!" என்று செல்வி கையைப் பிடித்து இழுத்தாள். "கட்சிக் கொடியில கை வச்சு, நாளைக்கு நம்ம கடையை அடைக்கச் சொல்லட்டும், அப்பத் தெரியும்."

அவள் சொல்வதும் சரிதான். இந்த ஊரில் ஒரு மனையில் கொடி ஏறிவிட்டால், நட்டவர்களே வந்து இறக்கும்வரை ஒரு பயல் விலை கேட்டு வரமாட்டான்.

ஷிஜு வந்தார், பார்த்தார், தலையில் கைவைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏது பார்ட்டியாணு அண்ணாச்சி?"

"எந்தக் கட்சின்னுதான் பிடிபடல்லை. நேரே நின்னு பாத்தா சிவப்பு மாதிரி இருக்கு. அந்தப் பக்கம் போனா காவி. கொஞ்சம் சாஞ்சு பாத்தா ரோஸு."

ஷிஜு கவுன்சிலருக்குப் போன் போட்டார். அபிலாஷ் ஸ்கூட்டரில் வந்து இறங்கிக் கொடியை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால், தெரியாது என்று சொல்லிவிட்டால் வேறு கட்சிக்காரன் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விடுவானே!

"நம்ம பையன்மார் நட்டதுதான்" என்றார்.

"எதுக்கு சார்?"

அபிலாஷ் மறுபடியும் கொடியை அண்ணாந்து பார்த்தார்.

"வாக்குக் குடுத்த வெலையை ஏத்தினதுக்கா இருக்கும்" என்றாள் செல்வி, பொதுவாக, வானத்தைப் பார்த்து.

"அது தன்னே!" அபிலாஷுக்குக் குரல் வந்துவிட்டது. "சாதாரணக்காரன் வயித்துல அடிச்சா எங்க பார்ட்டி பாத்துக்கிட்டு நிக்காது, கேட்டோ!"

சேதி பரவ எவ்வளவு நேரம்? போன தேர்தலில் அபிலாஷிடம் தோற்ற எலிசாள், குடையை விசிறிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"யாரு நட்ட கொடிக்கு யாரு சொந்தம் கொண்டாடுறது? இது எங்க கொடி! கொஞ்சம் வெளுத்திருக்கு, அவ்வளவுதான்."

"நேத்து சாயங்காலம்கூட இது இல்லையே, சேச்சி. அதுக்குள்ள எப்படி வெளுக்கும்?" என்றார் ஷிஜு.

"எங்களுது பழைய கட்சி. பழைய கொடிதான் இருக்கும்!"

"நீங்க எதுக்கு நட்டீங்க?"

"இவரு எதுக்குன்னு சொன்னாரோ, அதுக்குத்தான். நாங்க முந்தி நட்டோம்."

ஷிஜுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அபிலாஷ் சாரே, உங்க பாலம் வருதுன்னுதானே நான் வெலை ஏத்தினேன்!"

அபிலாஷ் இருமினார். "வரும்... எப்பன்னு ஃபிளக்ஸ்ல போட்டிருக்கோமா? அதை நம்பி நீ வெலையை ஏத்தலாமா?"

"பாலமாவது கீலமாவது! ஆத்துல ஒரு தூணு நடமாட்டாங்க" என்றார் எலிசாள்.

பாலம் வராது என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் அப்படி ஒரு ஒற்றுமை. ஷிஜு எழுந்து கும்பிட்டார்.

"அண்ணாச்சி, இருபத்தெட்டுக்கே எடுத்துக்கோங்க. என்னை ஆளை விடுங்க!"

தாணுமாலையன் செல்வியைத் திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

பத்திரம் பதிந்து, பால்காய்ச்சும் நாளும் வந்தது. கொடியை நான்தான் இறக்குவேன் என்று அபிலாஷ். நான்தான் என்று எலிசாள். கடைசியில் ஆளுக்கொரு பக்கம் கம்பைப் பிடித்துப் பிடுங்கினார்கள். போட்டோ எடுத்தார்கள். துணியை நாலாக மடித்து, இரண்டு பேருமாகச் சேர்ந்து தாணுமாலையன் கையில் கொடுத்தார்கள்.

"பத்திரமா வச்சுக்கோங்க. ஒரு குடும்பத்துக்கு வீடு வாங்கிக் குடுத்த கொடியாக்கும்!"

தாணுமாலையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். வாசல்வரை போய் அவர்களை வழியனுப்பிவிட்டுச் செல்வி உள்ளே வந்தால், மனுஷன் அந்தத் துணியைத் தாம்பாளத்தில் வைத்து, சந்தனம் தொட்டு, குங்குமம் இட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறார்.

"ஐயையோ! சாமி பக்கத்துலயா?" செல்வி ஓடிவந்து பிடுங்கினாள். "குடுங்க இங்க! அது என் பழைய உள்பாவாடை!"