அணையாத சூடம்

நட்சத்திர வெளிச்சத்திலேயே எறும்பைப் படம்பிடிக்கும் கேமராவுக்கு, ஆயுதபூஜையன்று சந்தனமும் குங்குமமும் வைத்தாள் விஞ்ஞானி மங்கையர்க்கரசி.

“முகத்தை மூடி வெச்சிட்டு எப்படி மேடம் தீபாராதனை காட்டுறது?” என்றார் டெக்னீஷியன் பொன்னுரங்கம்.

நியாயம்தான் என்று லென்ஸ் மூடியைக் கழற்றிச் சூடம் காட்டினாள். கேமரா ஆனில் இருந்ததை இருவருமே மறந்துபோனார்கள்.

மறுநாள் கேமராவைச் சோதித்துப் பார்க்க ஆய்வக இயக்குநர் வந்தார். விளக்கை அணைத்தார்கள். திரையில் இருட்டறை துல்லியமாகத் தெரிந்தது. நடுவில் மட்டும் நேற்றைய சூடச்சுடர், கேமராவின் சென்சாரில் சூட்டுத் தழும்பாகப் பதிந்து, அசையாமல் எரிந்தது. கேமராவை எங்கே திருப்பினாலும் அதுவும் கூடவே வந்தது.

ஆறு வருட உழைப்பு போயிற்று என்று மங்கையர்க்கரசி கண்களை மூடிக்கொண்டாள். திட்டு விழவில்லை. மெல்லத் திறந்து பார்த்தாள். இயக்குநர் செருப்பைக் கழற்றிவிட்டு, திரையைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். பிறகு வலது கையை அவளிடம் நீட்டினார்.

“விபூதி?”