சுவருக்கு அந்தப் பக்கம்

“கேட்டுதா?”

கண்ணாடி அறையின் கதவைத் தள்ளித் தலையை மட்டும் வெளியே நீட்டினார் அவர். மூச்சு வாங்கியது. உதட்டைச் சுற்றி ஊதுகருவியின் வாய் அழுத்திய வட்டம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

“ஒரு பொட்டுகூடக் கேக்கல சார்,” என்றாள் விற்பனைப் பெண், பெருமையாக. இசைக்கருவிக் கண்காட்சியில் வாசித்துப் பார்ப்பதற்கென்றே போட்டிருந்த அறை அது. உள்ளே யானை பிளிறினாலும் வெளியே தெரியாது.

“அப்படியா,” என்றார். முகம் கொஞ்சம் வாடிப்போயிற்று. பாவம், ஊதி ஊதிக் களைத்துவிட்டார் என்று அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

இரண்டு நாளாக அந்த ஸ்டாலில் அவள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். கூட்டமெல்லாம் எதிர்வரிசையில், கிடாருக்கும் டிரம்ஸுக்கும். ட்யூபா என்கிற இந்தப் பெரிய பித்தளை ஊதுகருவிப் பக்கம் வந்த சிலரும் அதன் அகன்ற வாய்க்குள் தலையை விட்டுப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உட்கார்ந்து வாசித்துப் பார்க்கிறேன் என்று வந்த முதல் ஆள் இவர்தான். ஏதோ விசேஷத்துக்குக் கிளம்பியவர்போல மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார்.

“முன்னாடி என்ன சார் வாசிச்சிருக்கீங்க?”

“விசில்கூட அடிச்சதில்லைம்மா. முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துல லிஃப்ட் நின்னாலும் எனக்குத்தான் போன் வரும். இப்ப ரிட்டயர் ஆயாச்சு.”

சொல்லிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து மேஜையில் விரித்தார். அவருடைய வீட்டின் படம். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள், அளவுகள், ஜன்னல் இருக்கும் இடங்கள். கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி வரைந்திருந்தது.

“இந்தப் பக்கம் ஒரு குடும்பம். அந்தப் பக்கம் வேலைக்குப் போற பசங்க ரெண்டு பேர். கீழ் வீட்டுல ஒரு டீச்சரம்மா. சுவர் ஆறு இஞ்ச்தான். எங்க உட்கார்ந்து வாசிச்சா யார் வீடு வரைக்கும் கேக்கும்?”

“டீச்சரம்மா சத்தம் பிடிக்காதவங்களா சார்?”

“தெரியாதும்மா. டீச்சர்தானாங்கிறதே சரியாத் தெரியாது. ஒருநாள் லிஃப்ட்ல பார்த்தேன், விரல்ல சிவப்பு மை இருந்துது.”

அவளுக்கு மனசு இளகிவிட்டது. வாங்குவதற்கு முன்பே அக்கம்பக்கத்தைப் பற்றி இவ்வளவு யோசிக்கிற மனிதர் எத்தனை பேர் இருப்பார்கள்? எப்படியாவது இவருக்குத் தோதான ஒன்றைக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று முடிவு செய்தாள்.

இருப்பதிலேயே சின்ன ட்யூபாவை எடுத்து, அதன் வாய்க்குள் சத்தத்தை அடக்கும் மியூட்டைச் செருகினாள். “இப்ப இங்கேயே ஊதுங்க.”

ஊதினார். கொசு ஒன்று காதருகே சுற்றிவிட்டுப் போனது மாதிரி இருந்தது.

“பார்த்தீங்களா? அடுத்த ரூம்ல குழந்தை தூங்கினாலும் எழுந்திரிக்காது.”

“ஆமாம்மா. நல்லாத்தான் இருக்கு.” கருவியைப் பத்திரமாக அவளிடம் கொடுத்துவிட்டுத் தாளை மடிக்க ஆரம்பித்தார். “யோசிச்சுச் சொல்றேன்.”

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று பதினோரு வருஷமாக விற்பனையில் இருக்கும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவரை அப்படியே அனுப்ப மனம் வரவில்லை. ஸ்டாலின் மூலையில், அழகுக்காக நிறுத்தியிருந்த பெரிய ட்யூபாவைக் காட்டினாள்.

“இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. வாங்க வேணாம், சும்மா இதையும் ஒரு தடவை ஊதிப் பாருங்க சார்.”

அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். முதல் ஊதலில் வெறும் காற்று. இரண்டாவதில் வந்தது ஒரு சத்தம். தரை அதிர்ந்தது, மேஜை மேலிருந்த திருகாணிகள் குதித்தன, மூன்று ஸ்டால் தள்ளி நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

எதிர் ஸ்டாலிலிருந்து கிடார் விற்கிறவன் விறுவிறுவென்று வந்தான். “சார், கொஞ்சம் பார்த்து ஊதுங்க. அங்க கஸ்டமர் பேசுறது ஒண்ணும் காதுல விழல.”

விற்பனைப் பெண்ணுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்க அவள் வாயெடுப்பதற்குள் அவரே எழுந்து நின்றார்.

“தப்புதான் தம்பி, மன்னிச்சுக்கங்க. உங்க ஸ்டால் எது? அதுவா? காலையிலேருந்து நின்னுட்டே இருக்கீங்களே, சாப்பிட்டீங்களா?”

சண்டை போட வந்தவன், இன்னும் சாப்பிடவில்லை என்றான். முதுகுவலி இருப்பதையும் சொன்னான். கால் மணி நேரம் பேசிவிட்டுத்தான் போனான். அவன் தன் கடைக்குள் போய்ச் சேரும்வரை இவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு பெரிய ட்யூபாவின் மேல் கையை வைத்தார். “இதையே பேக் பண்ணிடுங்கம்மா.”

கண்காட்சியின் முதல் விற்பனை. பில் புத்தகத்தைத் திறந்தவளுக்கு மனசாட்சி உறுத்தியது. பேனாவைக் கீழே வைத்தாள்.

“சார், உங்க நல்லதுக்குச் சொல்றேன். ஆறு இஞ்ச் சுவரெல்லாம் இதுக்கு வெறும் காகிதம். ஒரு நாள் வாசிச்சீங்கன்னா போதும், மூணு வீட்டுக்காரங்களும் உங்க வீட்டு வாசல்ல சண்டைக்கு வந்து நிப்பாங்க.”

“சண்டைக்காவது வரட்டும்மா.”