தூக்கிப் போட்ட இரும்பு

"தூக்கிப் போட்ட இரும்புக்கு உயிர் கொடுத்திருக்கீங்க!" சுற்றுச்சூழல் சங்கத்து அம்மாள் உலகநாதன் செய்த இரும்பு மயிலின் தோகையைத் தடவினார். "இதே மாதிரி இருபது வேணும், பத்தே நாள்ல. முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற ஆளைப் பார்க்கிறோம்."

பாடியில் தொழிற்சாலை மூடிய பிறகு உலகநாதனுக்கு வந்த முதல் பெரிய வேலை அது. தலையாட்டினான்.

நேராகக் காயலான் கடைக்குப் போனான்.

"பழசு எங்க நைனா கீது?" என்று சிரித்தான் கடைக்காரன் கோவிந்தராஜ். "உருக்கறதுக்கு லாரி வந்து அள்ளிகினு பூடுது. நம்மூர்ல எவன் இரும்பைத் தூக்கிப் போடறான்? வளைஞ்ச ஆணியக்கூட நிமித்தி அடிக்கிறானுங்க."

கொரட்டூர் வரை நடந்து நாலு கடை ஏறி இறங்கினான். எல்லா இடத்திலும் அதே பதில்தான்.

சாயங்காலம் ஒரு சாக்குமூட்டையைச் சுமந்துகொண்டு வீடு திரும்பி, மொட்டை மாடியில் கொட்டினான். ஹார்டுவேர் கடையில் வாங்கிய புத்தம்புது போல்ட்டுகள் வெயிலில் பளபளத்தன. பக்கத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டான்.

மனைவி பத்மா ஒரு போல்ட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கல்லுப்பைக் கரைத்தாள்.

"போன மயிலுக்குத் துருப்பிடிக்க ஒரு வாரம் ஆச்சு" என்றாள். "இந்தத் தபா உப்பை அதிகமாவே போடறேன்."