மாட்டுப் பெட்டியா, புல்லுப் பெட்டியா?

“இது நானே என்ட கையால செஞ்ச பெட்டி ராத்தா. அதனாலதான் சொல்றன், இத வாங்காதீங்க.”

சொந்தச் சரக்கைத் தானே பழிக்கிற வியாபாரியைக் கல்முனைக்குடி முழுக்கத் தேடினாலும் பதியுதீன் ஒருவரைத்தான் காணலாம். அவருடைய வளவில் உழவு மெசினில், அதாவது டிராக்டரில், பூட்டி இழுக்கிற பெட்டிகள் இரண்டு நின்றன. ஒன்று, போன மாதம் அவரே வெல்டிங் பண்ணி முடித்த மாட்டுப் பெட்டி. நாலு பக்கமும் கம்பி அடைப்பு, நல்ல காற்று, முதிரைப் பலகைத் தளம்.

மற்றது பழைய புல்லுப் பெட்டி. பச்சைப் புல்லை நறுக்கி, மூடிப் புளிக்கவைத்து மாட்டுக்குப் போடுகிற ஏதோ ஒரு பண்ணைக்காகக் கப்பலில் வந்தது. பண்ணை படுத்ததும் பதியுதீனிடம் வந்து சேர்ந்தது. நாலு பக்கமும் ஆளுயரத் தகடு. உள்ளே இருப்பது வெளியே தெரியாது.

இந்தப் புல்லுப் பெட்டியைத்தான் இன்றைக்கு எப்படியாவது தள்ளிவிட வேண்டும். மாலை அசர் தொழுகை நேரமானால் அதற்குள்ளிருந்து யாரோ உள்ளங்கையால் தட்டுகிற சத்தம் வருகிறதாம். ‘வெயிலில் காய்ந்த தகடு ஆறுகிற சத்தம்’ என்று ஆரம்பத்தில் விளக்கம் சொன்ன பதியுதீன், இப்போதெல்லாம் பாங்கு சொல்ல முன்னரே பள்ளிவாசலுக்குப் போய்விடுகிறார்.

நேற்று அவர் மனைவி சுல்பிகா முடிவாகச் சொல்லிவிட்டாள். “ஒண்டு அந்தப் பெட்டி போகணும், இல்லாட்டி நீங்க போகணும்.” வீடு அவளுடைய சீதன வீடு. சொன்னால் செய்வாள்.

வாங்க வந்திருந்தவர் ஹாஜறா. அட்டாளைச்சேனையில் மாடு வைத்துத் தயிர் விற்கிறவர். ஒரு பெண் தனியாக வந்து, குனிந்து பெட்டியின் அச்சைப் பார்க்கிறார் என்றால் தெரு சும்மா இருக்குமா? வேலிக்கு மேலே நாலு தலை முளைத்துவிட்டது.

“வெல்டிங் சுத்தமா இரிக்கே தம்பி.” மாட்டுப் பெட்டியின் மூலையை ஹாஜறா நகத்தால் கீறிப் பார்த்தார்.

“மேலால பாத்தா அப்பிடித்தான். ஒரு நாம்பன் மாடு உதைச்சா கம்பி வளைஞ்சிரும். இந்தா, இதப் பாருங்க, சீமைத் தகடு! ஆறு வரிசமா மழையில கிடக்கு, ஊசி போற ஓட்டை இல்ல. அச்சப் பாருங்க, என்ட தொடைத் தடிப்பு.”

“மூடின பெட்டிக்குள்ள மூச்சு முட்டாதா?”

பதியுதீன் தகட்டைப் பார்க்காமலே சொன்னார். “கொஞ்சத் தூரம்தானே ராத்தா.”

ஹாஜறா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் புல்லுப் பெட்டிக்குள் ஏறினார். வேலியில் ஒரு தலை சிரித்தது. “சாணி படுற பெட்டிக்குள்ள, பள்ளிக்குள்ள போற மாதிரியெலா போறா!”

உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. ஒரு கை தகட்டைத் தடவிக்கொண்டே போகிற சரசரப்பு மட்டும் கேட்டது. திடீரென்று, உள்ளங்கையால் இரண்டு தட்டு. பதியுதீன் துள்ளிப் பின்வாங்கினார்.

“நான்தான் தம்பி. தகட்டுட தடிப்பப் பாத்தன். ஏன் பயப்படுறாய்?”

ஏன் என்று தெருவிடம் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்தில் துவக்கு ஏந்திய ஆயுதக்காரர் பதியுதீனின் மெசினையும் இந்தப் புல்லுப் பெட்டியையும் ஒரு பகல் முழுக்கப் பறித்து வைத்திருந்தார்களாம். அதில் யாரை ஏற்றி எங்கே இறக்கினார்கள் என்று தெருவுக்குத் தெரியாது. பாவம், மனிதர் அன்று காய்ச்சலில் கிடந்தாராம். அவரே சொன்ன கதை. மெசின் திரும்பி வந்த கிழமையே அதை விற்றார். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. பெட்டியைத்தான் யாரும் கேட்கவில்லை.

“இதுக்குள்ள எத்தின கொள்ளும்?” தகட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“பதினேழு” என்றார் பதியுதீன். சொன்ன கையோடு அவசரமாகத் திருத்தினார். “மாடெண்டா... ஆறு.”

பதினேழு என்றது ஆட்டுக் கணக்காக்கும் என்று குசினி வாசலில் நின்ற சுல்பிகா நினைத்துக்கொண்டாள்.

ஹாஜறா இறங்கி வந்து முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தார். “இதையே எடுக்கன்.”

“அல்ஹம்துலில்லாஹ்!” சுல்பிகா தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்ற ஓடினாள். பதியுதீனுக்கு ஆறு வருடத்தில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரைக்கும் போனது.

“மெசின் ஒண்டு பிடிச்சி, ஆள் வெச்சி, நாளைக்கே அனுப்பிர்றன் ராத்தா.”

“ஆள் வேணா. நீ ஓட்டு.”

“நான் ஓட்டுறத உட்டு எத்தினயோ வரிசம்...”

“ஒருக்காத்தானே.”

“ஓட்டிக் குடுங்களன்!” குசினிக்குள்ளிருந்து சுல்பிகா கத்தினாள். “கை தேஞ்சிருமா உங்களுக்கு?”

வேலித் தலைகள் மறுபடி சிரித்தன. பெட்டி வளவை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது பதியுதீனுக்கு. “சரி ராத்தா, நானே ஓட்டி வாறன். எங்க கொண்டு வரணும், அட்டாளைச்சேனைக்கா?”

ஹாஜறா அப்போதுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

“இல்ல தம்பி. அண்டைக்கு என்ட மகன ஏத்திப் போய் எங்க இறக்கினாயோ, அங்க.”