தினம் ஒரு நார்

மழைக்கு முன்னால் கூட்டை முடித்தாக வேண்டும் என்று தூக்கணாங்குருவி காகத்திடம் நூறு நார் கடன் கேட்டது.

“தினம் ரெண்டு நாரா நூறு நாள் திருப்பிக் குடு,” என்றது காகம்.

“ரெண்டா? கட்டுப்படியாகாது அண்ணே.”

“சரி, உனக்காகத் தினம் ஒண்ணு. முந்நூறு நாள்.”

குருவி துள்ளிக்கொண்டு வந்து எறும்பிடம் சொன்னது: “பேசிப் பேசியே பாதியாக் குறைச்சிட்டேன்!”

“மொத்தம் எவ்வளவு?” என்று கேட்டது எறும்பு.

“அதான் சொன்னேனே, ஒண்ணே ஒண்ணு!”

மழை வந்தது. குஞ்சுகள் பொரிந்து, வளர்ந்து, பறந்து போயின. அடுத்த ஆடிக்காற்றில் கூடு அறுந்து விழுந்தது. கடனில் இன்னும் முப்பது நாள் பாக்கி.

மறுநாள் காலை, விழுந்து கிடந்த கூட்டிலிருந்து ஒரு நார் உருவிக்கொண்டு குருவி காகத்தின் மரத்துக்குப் பறந்தது.