இரண்டாம் ஆண்டு ஃபிட்டர்

இந்த வாசனை மட்டும் மாறவே இல்லையே என்று நினைத்துக்கொண்டாள் ஞானசுந்தரி. நீலக் கோட்டைத் தண்ணீரில் நனைத்ததும் இரும்புத் தூளும் எண்ணெயுமாக அதே ஐ.டி.ஐ. வாசனை. அவள் படித்தபோது வகுப்பில் மூன்றே பெண்கள். அரத்தால் இரும்பை ராவி ராவிக் காய்த்துப்போன கைகளை ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்துக்கொள்வார்கள். ஒரு வருடம் முடிவதற்குள் கம்பெனி வேன் வந்தது. கையில் சம்பளம் என்றதும் படிப்பைப் பாதியில் விட்டு ஏறிவிட்டாள்.

"இன்னா சுந்தரி, காதுல வுழுதா?" என்றான் அண்ணன் ஐசக். கம்பெனிகளுக்கு ஆள் சேர்த்துவிடுகிறவன். "பேக்கிங்ல ஆள் கொறயுது. நாளைக்கே வேலை. இன்னும் ஒரு வருசம் இரும்ப ராவிக்கினு கீறதுல இன்னா லாபம்?"

"ஃபிட்டர் சர்ட்டிபிகேட் இருந்தாதான் மெஷினாண்ட வுடுவாங்க. இல்லன்னா கடைசி வரிக்கும் அட்டப்பொட்டிதாண்ணே."

"ஷாரோன் இன்னா சொல்லுது?"

அப்போதுதான் கம்பெனி வேனிலிருந்து இறங்கி உள்ளே வந்தாள் மகள் ஷாரோன். கழுத்திலிருந்த ஐடி கார்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"நான் இன்னா சொல்றது மாமா? பொம்பளைங்களுக்கு வயசு வரம்பு இல்லன்னு அம்மாவ மறுபடி ஐ.டி.ஐ.ல சேத்ததே நான்தான்," என்றாள். "அம்மா, நாளைக்கு உனுக்கு மொத வருசப் பரீட்சை. கோட்ட நான் அலசறேன், நீ போய்ப் படி."

"நாப்பது தாண்டி பசங்களோட பஸ் ஏறுறே. காவாந்தண்டலம் ஊரே சிரிக்குது சுந்தரி. வேன்ல வா."

ஞானசுந்தரி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சிரிக்கட்டும்ண்ணே. வேனுக்கு வேற ஆளப் பாரு," என்றாள் மெதுவாக.